விழுததுக்கு ஒரு பள்ளிக்கூடம்

ஏலே பேராண்டி, அந்தச் செல்லைக் கீழ வச்சுட்டு இப்படி வந்து உக்காரு. நாளைக்கு நீ வானத்துலேருந்து குதிக்கப் போறியாம்ல. ஒன் தங்கச்சி சொன்னா. ஒன் அம்மை காலையிலேருந்து முருகன் படத்துக்கு முன்னால நிக்கா. ஒங்கப்பன் வாயைத் தொறக்காம, புல்லு வெட்டுத மிஷினை உருட்டிக்கிட்டுப் போயிட்டான். நேத்து வெட்டுன புல்லையே இன்னைக்கும் வெட்டுதான். நான் தடுக்க மாட்டேன்யா. காசு கட்டியாச்சு. கோவில்பட்டிக்காரன் பேரன் கட்டுன காசுக்குக் குதிக்காமத் திரும்பி வந்துட்டான்னு ஊருல ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நான் எந்த மூஞ்சியோட டீக்கடையில போய் உக்காருவேன்?

இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு கேப்பே. கலிபோர்னியாவுக்கு வந்ததுலேருந்து சனி ஞாயிறு ஆனா என்னைப் பெரிஸ்ல இருக்கிற அந்தக் குதிக்கிற மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பெஞ்சில உக்கார வச்சுட்டு, நீ ஒன் சேக்காளிககூடப் போயிருதே. நானும் தொப்பியைப் போட்டுக்கிட்டு, மேலேருந்து வார ஆளையெல்லாம் ஒண்ணு விடாமப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ராத்திரி நீ தூங்குன பெறகு ஒன் குதிக்கிற பாடப் புஸ்தகத்தை ஒன் தங்கச்சி எனக்குத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுதா. அவ முழுசும் படிச்சு முடிச்சுட்டா. நீ எத்தனை பக்கம் புரட்டியிருக்கேன்னு நான் கேக்கல.

எனக்கு மொதல்ல ஒரு சந்தேகம் இருந்துச்சு. விழுததுக்கு எதுக்குலே பள்ளிக்கூடம்? அந்த விமானத்து வாசல்ல இருந்து காலை எடுத்தா மிச்சத்தைப் பூமி பாத்துக்கிடும். 10, 12 நொடிக்குள்ள மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகம் வந்துரும். அதுக்கு மேல காத்து விடாது. படிச்சவனுக்கும் அதே வேகம், படிக்காதவனுக்கும் அதே வேகம். பெஞ்சில உக்காந்து பாக்கப் பாக்கத்தான் வெளங்குச்சு. பள்ளிக்கூடம் விழுததுக்கு இல்ல, வந்து சேருததுக்கு. நீயோ மேல நடக்கப் போற சங்கதியை மட்டும் பேசிக்கிட்டுத் திரியுதே.

போன தடவை குதிச்சேன்னு சொல்லிக்கிட்டு அலையுதியே, அது டேண்டம். அதுல நீ சாமான்டா. வாத்தியாரு நெஞ்சுல ஒன்னைக் கட்டிக்கிட்டு அவரு குதிச்சாரு. அவருதான் இழுத்தாரு, அவருதான் இறக்குனாரு. நீ கத்துனே, அவ்வளவுதான். இந்த ஊரு ஜனாதிபதியா இருந்தாரே பெரிய புஷ்ஷு, அவரு 2014-ல தன்னோட 90-வது பொறந்தநாளைக்கு அப்படி ஒருத்தரோட சேந்து குதிச்சு, மேய்ன் மாநிலத்துல ஒரு சர்ச்சு பக்கத்துல இறங்குனாரு. கால் நடமாட்டம் போயி சக்கர நாற்காலியில இருந்த மனுஷன். ஆக, அதுக்கு ஒன் தேகபலத்தைப் பெருமை பேசாதே. அதே புஷ்ஷு 1944-ல சண்டையில விமானம் தீப்பிடிச்சுப் பசிபிக் கடல் மேல குதிச்சப்ப, வால்ல தலை இடிச்சு, அவசரத்துல சீக்கிரம் இழுத்து, பாராசூட்டும் கிழிஞ்சு, அப்புறம்தான் தண்ணியில விழுந்தாரு. அது குதி. அதுக்குப் பெறகும் ஆசை விடலன்னா மனுஷன் ரத்தம் என்ன ரத்தம்னு நான் ஒன் ஆச்சிகிட்ட போன்ல சொன்னேன். அவ, “அந்தாளு பெண்டாட்டி என்ன சொன்னா?”ன்னு கேட்டா. அது எனக்குத் தெரியல.

சரி, நாளைக்கு நடக்கப் போறதைச் சொல்லுதேன். போன உடனே ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுவாங்க. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. நீ செத்தாலும், கை காலு போனாலும், அவங்க தப்பே பண்ணியிருந்தாலும் கேஸ் போட மாட்டேன்னு எழுதி வாங்கிருவாங்க. ஒன் பாட்டன் நிலம் வித்த பத்திரத்துலகூட இவ்வளவு நேர்மையா எழுதல. படிச்சுட்டுப் போடு. படிக்காமப் போடுதவன் மேல போயும் எதையும் படிக்க மாட்டான்.

அதுக்கப்புறம் பகல் பூரா வகுப்பு. தரையில குப்புறப் படுக்கச் சொல்லுவாங்க. நாடியைத் தூக்கு, இடுப்பைத் தரையில அழுத்து, காலை லேசா மடக்கி நீட்டுன்னு சொல்லுவாங்க. அதுக்கு ஆர்ச்னு பேரு. ஒனக்கு அது கஷ்டம்தான்யா. பத்து வருசமாக் கம்ப்யூட்டர் முன்னால குனிஞ்ச முதுகு, பின்னால வளைன்னு சொன்னா எங்க வளையும்? ஆனா அது வளையணும். இடுப்பு கீழயும் கை காலு மேலயும் இருந்தாத்தான் காத்து ஒன்னைக் குப்புறவே வச்சுத் தாங்கும். பயந்துபோயிக் கீழ எட்டிப் பாத்து வயித்தை மடக்குனேன்னா உருண்டுருவே.

குதிக்கும்போது ஒனக்கு இந்தப் பக்கம் ஒரு வாத்தியாரு, அந்தப் பக்கம் ஒரு வாத்தியாரு, பிடிச்சுக்கிட்டே வருவாங்க. 1980-கள்ல இந்த முறை வந்துச்சு. அதுக்கு முன்னால எல்லாம் விமானத்தோட கயித்தைக் கட்டி, தாழ இருந்தே தள்ளிவிட்டுத்தான் பழக்குவாங்களாம். இன்னைக்கும் சில இடத்துல அப்படித்தான். மேல போனா பேச்சுக் கேக்காது, சைகைதான். ரெண்டு வெரலை நீட்டுனா காலை நீட்டுன்னு அர்த்தம். ஆள்காட்டி வெரலை நீட்டுனா இழுன்னு அர்த்தம். அவரு பாவம் வெரலை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கிட்டு இருக்க, நீ அவரைப் பாத்துப் பல்லைக் காட்டிக் கட்டை வெரலைத் தூக்கிறாதே. அப்படித் தூக்குனவங்க நெறையப் பேராம். வீடியோவுல பாத்தேன், சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இருமல் வந்துருச்சு.

கையில கட்டியிருக்கிற, உசரம் காட்டுத ஆல்டிமீட்டர் இருக்கே, அது அழகுக்குக் கட்டுனது இல்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க. ஆகாசத்துல அளக்காமப் போட்டா வட்டியோட வசூல் பண்ணிரும். 13,000 அடியில வெளிய வாரே. 5,500 அடியில நீ இழுக்கணும். நடுவுல இருக்கிறது முக்கால் நிமிஷம். கடிகாரத்தைப் பாரு, வாத்தியாரைப் பாரு, கைப்பிடியை மூணு தடவை தொட்டுப் பழகுன்னு அந்த முக்கால் நிமிஷத்துக்குள்ள ஒனக்கு வேலை வச்சிருக்காங்க. மொதத் தடவை மூளை நின்னுபோயிரும்னு அவங்களுக்குத் தெரியும். அதனாலதான் தரையிலயே பத்து இருபது தடவை அதையே செய்யச் சொல்லுதாங்க. நீ ரெண்டாவது தடவையே “ஓகே, ஓகே”ன்னு சொல்லிராதே.

இனி முதுகுல ஏத்துத மூட்டைக்கு வாரேன். ரிக்ங்காங்க. உள்ள ரெண்டு பாராசூட். கீழ இருக்கிறது மெயின், மேல இருக்கிறது ரிசர்வ். மெயினை யாரும் பழகி மடிக்கலாம். பழகாதவன் மடிக்கிறதை ஒரு நாள் முழுக்கப் பாத்துக்கிட்டு உக்காரலாம், டிக்கெட்டே வேண்டாம். வழுக்கிக்கிட்டு ஓடுத துணி மேல ஏறிப் படுத்து, மல்லுக்கட்டி, வேர்த்து, கடைசியில பைக்குள்ள திணிச்சா ஒரு பக்கம் பிதுங்கி வெளிய வந்து நிக்கும். ஆனா அந்த ரிசர்வைத் தொட லைசென்ஸ் வாங்குன ரிக்கருக்குத்தான் உரிமை. தொறக்கவே தொறக்காட்டியும் 180 நாளைக்கு ஒரு தடவை பிரிச்சு, பாத்து, மறுபடி மடிச்சு, ஈய முத்திரை வச்சுக் கையெழுத்துப் போடணும்ங்கிறது இந்த ஊரு சட்டம். அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்கிப் பாரு. வெக்கப்படாதே.

மெயின் சிக்கிக்கிச்சுன்னா? வலது மார்புப் பக்கம் செவப்புக் கைப்பிடி, இடது பக்கம் வெள்ளிக் கைப்பிடி. செவப்பை இழுத்தா மெயின் கழண்டு போயிரும், வெள்ளியை இழுத்தா ரிசர்வ் வரும். மொதச் செவப்பு, அப்புறம் வெள்ளி. இதைக் கயித்துல தொங்கவிட்டுப் பழக்குவாங்க. 2,500 அடிக்குள்ள முடிவு எடுத்துரணும். அதுக்குக் கீழ யோசனைக்கு நேரம் இல்ல. நீ சாப்பாட்டுக் கடையில மெனுவைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் யோசிப்பேன்னு எனக்குத் தெரியும், அதான் சொல்லுதேன். அந்த மெயினைச் சட்டுனு கழட்டுத மூணு வளையத்தை பில் பூத்னு ஒரு தாடிக்காரரு கண்டுபிடிச்சாரு. டேண்டத்துக்கும் அவரு ஒரு முன்னோடி. சாமான் பத்திரமா ஆக ஆக, ஆளுக துணிச்சலைக் கூட்டிக்கிட்டே போயி, சாவுக் கணக்கைப் பழைய எடத்துலயே நிறுத்திருதாங்கன்னு சொன்னவரும் அவருதான். நல்ல சாமானைச் செஞ்ச மனுஷனே இப்படிச் சொன்னா யோசிக்கணுமா இல்லையா?

இன்னொரு சின்னப் பெட்டி உள்ள இருக்கு. சைப்ரஸ்ங்காங்க, ஜெர்மனிக்காரங்க 1991-ல கொண்டுவந்தது. நீ மயங்கிட்டே, மறந்துட்டே, தரைக்கு 750 அடி பக்கம் வந்தும் வேகமாவே விழுந்துக்கிட்டு இருக்கேன்னா, அதுவே கயித்தை வெட்டி ரிசர்வைத் தொறந்துவிட்டுரும். 750 அடின்னா நாலு நொடிலே. அது இருக்குன்னு தெரிஞ்சுக்கோ, ஆனா அதை நம்பிக் கையைக் கட்டிக்கிட்டு வராதே.

ஒன் ஆச்சி கேட்டா, “இதுக்குன்னு பேண்டு சட்டை போடணுமா, சேலை கட்டிக்கிட்டுப் போக முடியாதா?”ன்னு. முடியும்னேன். பூனாக்காரி சீத்தல் மகாஜன், 2018-ல தாய்லாந்துல பட்டாயாவுல, அவங்க ஊரு ஒன்பது கெஜம் சேலை கட்டிக்கிட்டு 13,000 அடியிலேருந்து குதிச்சா. அதுக்கு முன்னாலயே நூத்துக்கணக்குல குதிச்சவ. சேலை கட்டுனா போதும்னு ஒன் ஆச்சி நெனச்சுக்கிட்டா. இப்ப அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குப் பயமா இருக்கு.

உடுப்பைப் பத்திச் சொல்லும்போது அந்தத் தையக்காரன் ஞாபகம் வருது. பாரிஸ்ல ஃபிரான்ட்ஸ் ரைஷெல்ட்னு ஒருத்தன். போட்டுக்கிட்டே பறக்கக் கூடிய பாராசூட் கோட்டு ஒண்ணைத் தானே தச்சான். 1912 பிப்ரவரி 4-ந் தேதி, பொம்மையைப் போட்டுப் பாக்கப் போறேன்னு போலீசுக்காரங்ககிட்ட அனுமதி வாங்கிட்டு, ஐஃபில் கோபுரத்து மொத மாடிக்கு ஏறி, பொம்மைக்குப் பதிலாத் தானே குதிச்சுட்டான். 57 மீட்டர். சினிமாக் கேமராவும் வச்சிருந்தாங்க. தான் தச்ச துணி மேல தையக்காரனுக்கு எப்பவுமே ஒரு கர்வம் உண்டு. நீ யாரு தச்சதைப் போட்டுக்கிட்டாலும் சரி, ஏறுததுக்கு முன்னால கால் வாரு ரெண்டையும் மாட்டியிருக்கான்னு பாத்துக்கோ. விமானத்துல ஏறுனப்பெறகும் பாரு. வாசலுக்குப் போகும்போதும் பாரு.

இழுத்தாச்சு, தொறந்தாச்சுன்னு வச்சுக்கோ. தலைக்கு மேல விரிஞ்சு நிக்கிறது குடை இல்ல, இறக்கை. டொமினா ஜால்பர்ட்னு அமெரிக்காவுல பட்டம் செஞ்சுக்கிட்டிருந்த ஒரு மனுஷன் 1964-ல கண்டுபிடிச்ச வடிவம். தலையணை உறை பத்தைப் பக்கம் பக்கமா வச்சுத் தச்சு, வாயை எல்லாம் காத்துக்கு நேரே தொறந்து வச்சது மாதிரி இருக்கும். காத்து உள்ள போயி ஊதி அதை விறைப்பா நிறுத்தும். அதனால அது சும்மா கீழ வராது, முன்னாலயும் ஓடும். மணிக்கு 30 கிலோமீட்டர் பக்கம். சதுரமா இருக்கா, ஆடாம இருக்கா, சொன்னபடி திரும்புதான்னு மொதல்ல பாரு. கயிறு முறுக்கியிருந்தா சைக்கிள் மிதிக்கிறாப்பலக் காலை உதைச்சுப் பிரிச்சுவிடு.

இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் ஒன் சேக்காளிக பேசுத பேச்சு. இனிதான் யாரும் பேசாத பேச்சு. பெஞ்சில நான் பாத்ததும் இதைத்தான்.

1919 ஏப்ரல்ல ஒஹையோ பக்கம் லெஸ்லி இர்வின்னு ஒருத்தன், விமானத்துலேருந்து குதிச்சு, அந்தரத்துல விழுந்துக்கிட்டே தன் கையாலயே கயித்தை இழுத்துப் பாராசூட்டைத் தொறந்து காட்டுனான். மனுஷன் விழும்போது கை வேலை செய்யாது, மயங்கிருவான்னு பெரிய பெரிய ஆளுக சொல்லிக்கிட்டு இருந்த காலம். அவங்க வாயை அடைச்சுட்டான். தொறந்துச்சு, மிதந்துச்சு, எல்லாம் சரியா நடந்துச்சு. தரைக்கு வந்து கணுக்காலை ஒடிச்சுக்கிட்டான்.

இன்னைக்கும் கதை அதுதான்யா. நல்லா விரிஞ்ச பாராசூட்டுக்குக் கீழ தொங்கிக்கிட்டே கையைக் காலை ஒடிச்சுக்கிறவங்க, உசுரை விடுதவங்க கொஞ்சம் பேரு இல்ல. 1,000 அடியில காத்துக்கு முதுகைக் காட்டிப் போ, 600 அடியில ஒரு திருப்பம், 300 அடியில இன்னொரு திருப்பம், அப்புறம் காத்துக்கு நேரே மூஞ்சியை வச்சு இறங்கு. பாடம் இவ்வளவுதான். மைதானத்துல காத்துப்பை கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, காதுக்குள்ள ரேடியோவுல வாத்தியாரு வேற சொல்லிக்கிட்டே இருப்பாரு. அப்படியும் காத்தோட சேந்து இறங்குதவன் இருக்கான். எதிர்காத்து 15 இருந்தா ஒன் 30-ல பாதி போயிரும். அதே காத்து முதுகுல இருந்தா 45-ஆ ஆயிரும். இதுக்கு எஞ்சினீயரிங் காலேஜ் வேணுமா? களத்துல பொலி தூத்துனவன் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவான், காத்து எந்தப் பக்கம்னு. ஒனக்குச் செல்லைப் பாத்தாத்தான் வெயில் அடிக்கான்னே தெரியுது. படிக்கிற பசங்களைக் காத்து மணிக்கு 14 மைல், அதாவது 22 கிலோமீட்டரைத் தாண்டுனா ஏத்தவே கூடாதுன்னு இங்கத்துப் பாராசூட் சங்கத்து விதி. ஏத்தலன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறாதே. பெரிஸ் காஞ்ச பூமி. உச்சி வெயில்ல நம்ம கரிசக்காட்டுல சுழலுத சூறைக்காத்து இங்கயும் சுழலும். அதுக்குள்ள மாட்டுனா எம்மாம் பெரிய பாராசூட்டும் மடங்கிரும்.

கடைசி பத்துப் பன்னெண்டு அடிதான் பரீட்சை. ரெண்டு கையிலயும் பிடிச்சிருக்கிற கயித்துக் கைப்பிடியை டாகிள்ங்காங்க, அது ரெண்டையும் ஒண்ணாச் சேத்து இடுப்பு வரைக்கும் இழுக்கணும். ஃப்ளேர்ங்காங்க. சரியா இழுத்தா படியிலேருந்து இறங்குதாப்பல இறங்கிரலாம். உசரத்துல இருக்கும்போதே இழுத்துட்டா, பதறிப்போய்க் கையை மேல விட்டுறாதே. விட்டா அது குத்திக்கிட்டு வரும். இழுத்த எடத்துலயே பிடிச்சுக்கோ. பிந்தி இழுத்தவன் கதையைச் சொல்லவே வேண்டாம், அவன் பல்லுல ஒட்டியிருக்கிற புல்லே சொல்லும். குனிஞ்சு காலைப் பாக்காதே, தூரத்துல பாரு. நீ எங்க பாக்கியோ அங்கதான் போவே. பரந்து கெடக்கிற வெட்டவெளியில ஒத்த மரத்தை மொறைச்சுப் பாத்துக்கிட்டே வந்து அதுலயே மோதுதவன் உண்டாம்.

இன்னொண்ணு நான் கண்ணால பாத்தது. ஒரு பொம்பளைப்புள்ள, அழகா இறங்கிக்கிட்டிருந்தா. தரை கிட்ட வந்ததும் விழுந்துருவோமோன்னு பயந்து, வலது கையைத் தரையைப் பாத்து நீட்டிட்டா. கையில டாகிள் இருக்கே! வலது பக்கம் இழுபட்டுப் பாராசூட்டும் வலது பக்கமே திரும்பிச் சாஞ்சுருச்சு. பக்கவாட்டுல உருண்டா. எந்திரிச்சு நின்னு முழங்கையைத் தடவிக்கிட்டு, யாரைத் திட்டுததுன்னு தெரியாமப் பாராசூட்டைத் திட்டுனா. எனக்குப் பக்கத்துல நின்ன வாத்தியாரு பெருமூச்சு விட்டாரு. தினம் பாக்கிறவரு போல.

சந்தேகமா இருந்தா நின்னு காட்டணும்னு வீம்பு பண்ணாதே. காலையும் முழங்காலையும் ஒட்டி வச்சுக்கோ. பாதத்து முன்பக்கம், கெண்டைக்கால், தொடை, பிட்டி, முதுகோட பக்கவாட்டுன்னு வரிசையாத் தரையில சாஞ்சு உருண்டுரு. மண்ணு ஒட்டும், துவைச்சுக்கலாம். தாழ வந்தப்பெறகு, அந்த எடம் நல்லா இருக்கே, இங்கிட்டுத் திரும்புவோமேன்னு ஒரு பக்கமா வெடுக்குனு இழுத்தா, திரும்பும்போது அது மூக்கைக் குத்திக்கிட்டுக் கீழ இறங்கும். அனுபவசாலிகளையே வாரிக்கிட்டுப் போனது அந்தத் திருப்பம்தான்.

ஒனக்கு 250 சதுர அடிக்கு மேல பெரிய பாராசூட்டாக் குடுப்பாங்க. மெதுவாப் போகும். நூறு சதுர அடிக்காரன் பக்கத்துல சர்ருனு போறதைப் பாத்துட்டு வாயில எச்சி ஊறும். ஆசை இருக்கு தாசில் பண்ண, கழுதை மேய்க்கத்தான் யோகம்னு நெனச்சுக்கிட்டுப் பெருசுலயே வா. 25 குதி, தரையில வச்ச குறிக்கு 20 மீட்டருக்குள்ள அஞ்சு தடவை தனியா இறங்குதது, பரீட்சை, எல்லாம் முடிச்சாத்தான் ‘ஏ’ லைசென்ஸ். சில எடத்துல அந்த முத்திரையை நெத்தியிலயே குத்தி அனுப்புதாங்களாம். ஒங்கம்மைகிட்டத் திருநீறுன்னு சொல்லிச் சமாளிக்க முடியாது, இங்கிலீசு எழுத்து.

அப்புறம், அங்க ஒரு வழக்கம் இருக்கு. மொதத் தடவை எதைச் செஞ்சாலும் எல்லாருக்கும் பீர் வாங்கிக் குடுக்கணும். மொதக் குதிக்குப் பீரு, மொதத் தடவை தனியா வந்ததுக்குப் பீரு, மொதத் தடவை ரிசர்வ் இழுத்தா, மடிச்சுக் குடுத்த ரிக்கருக்குத் தனியா ஒரு பாட்டில். இது மட்டும் எனக்கு வாசிச்ச ஒடனே வெளங்கிருச்சு. ஒங்கப்பன்கிட்டக் காசு கேக்காதே, அவன் புல்லு வெட்டட்டும். நான் தாரேன்.

ஒன் தலையில கேமரா கட்டிக்கிட்டுப் போறதுக்கு 200 தடவையாவது குதிச்சிருக்கணும்ங்காங்க. அதனால வாத்தியாரு எடுப்பாரு, தரையில நிக்கிறவங்களும் எடுப்பாங்க. சாயங்காலமே அதுல பாட்டைப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புவே. வாசல்ல நின்னதைப் போடு, கையை விரிச்சு விழுந்ததைப் போடு, யாரு வேண்டாங்கா? ஆனா கடைசியில தரையில வந்து உருளுத அந்த ரெண்டு நொடியை வெட்டிறாதே. வெட்டாததை எனக்கு மட்டும் தனியா அனுப்பு. ஒன் ஆச்சிக்கும் சேத்து அனுப்பு, அவ சேலை விஷயத்துல இன்னும் முடிவு பண்ணல.